எங்கே நிற்பது? கேளம்பாக்கம் உப்பங்கழியில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும் ஒரு வழிகாட்டி

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான். எங்கே நிற்பது என்று கேட்பவர்கள் குறைவு. கடலோரத்தில் ஒரு காலைப்பொழுது நன்றாக அமைவதும் வீணாவதும் பெரும்பாலும் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வெயில் எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு ஆழம், காற்று எங்கிருந்து வருகிறது, பறவைக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இந்த நான்கையும் பார்த்து நிற்கப் பழகிவிட்டால் சாதாரணக் கேமராவே நிறையக் கொடுக்கும்.

சென்னைக்காரர்கள் இதைப் பழகிக்கொள்ள நல்ல இடம் கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே கிடக்கும் உப்பங்கழி. பழைய மகாபலிபுரம் சாலையையும் (ஓஎம்ஆர்) கிழக்குக் கடற்கரைச் சாலையையும் (ஈசிஆர்) இணைக்கும் கேளம்பாக்கம் – கோவளம் சாலை, இந்த நீர்ப்பரப்பை ஊடறுத்துக்கொண்டு கிழக்கு மேற்காகப் போகிறது. சாலைக்கு இருபுறமும் தண்ணீர், சேற்றுத்திட்டு, உப்பளம். வடகிழக்கே முட்டுக்காட்டுப் பாலத்துக்கு அப்பால் கழி கடலில் கலக்கிறது. படகு தேவையில்லை, நீண்ட நடையும் இல்லை, சாலையோரத்தில் நின்றே பூநாரை பார்க்கலாம். பழவேற்காடும் கோடியக்கரையும் இதைவிடப் பெரிய இடங்கள்தான். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போனால் பறவைகள் தொலைவில் வெறும் புள்ளிகளாகத் தெரியும். எதைப் பார்ப்பது என்றே புரியாது. முதலில் இங்கே கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்த நாள்

நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளின் காலம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பி நவம்பரில் போய் ஏமாந்தவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்துவிட்டால் நவம்பர், டிசம்பரில் இந்தக் கழி தளும்பி நிற்கும். பள்ளிக்கரணைச் சதுப்பில் வழியும் நீரும் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்தப் பக்கம்தான் வந்து கடலில் சேர்கிறது. சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் இடுப்பளவு தண்ணீரில் எங்கே நிற்கும்? அப்போது இருப்பவை நீந்துகிறவையும் பறந்து மீன் பிடிக்கிறவையும்தான்: கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா.

பொங்கல் கழிந்து நீர் வடிய ஆரம்பித்து, சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும்போதுதான் கூட்டம் சேர்கிறது. பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் என் தேர்வு. தண்ணீர் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே நிற்கும், வானம் தெளிந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. மழை குறைந்த வருடத்தில் இதெல்லாம் சில வாரங்கள் முன்னதாகவே நடந்துவிடும். ஆகவே காலண்டரைவிட நீர்மட்டத்தைப் பாருங்கள். ஈசிஆரில் வேறு வேலையாகப் போகும்போது ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலே போதும்.

கடல் ஏற்றவற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைக் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். குஜராத் கரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் கழிக்குள்ளும் ஓதம் ஏறி இறங்குவது தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் நன்றாகத் தெரியும். கோடை நெருங்கி மணல்மேடு வாயை அடைத்துவிட்டால் ஓதக் கணக்கெல்லாம் தேவையில்லை.

தவிர்க்க வேண்டிய நாட்கள் இரண்டு. போகியன்று காலை புகைமூட்டத்தில் எதிர்க்கரையே தெரியாது. காணும் பொங்கலன்று ஈசிஆரில் வண்டி நகராது.

முந்தைய நாள் இரவு

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கேமராவுக்கு முன் பைனாகுலர் வாங்குங்கள் என்பது மட்டும் என் பிடிவாதம். 8x42 என்று போட்டிருப்பது புதியவர்களுக்குச் சரியாக வரும்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. அகலம் என்பதால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் படம் தெளிவாக இருக்கும். 10x42 இன்னும் பெரிதாகக் காட்டும்தான். ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

கேமரா விஷயத்தில் இரண்டு வழி. லென்ஸ் மாற்றும் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு நிகான் பி900, பி950 போன்ற சூப்பர்ஜூம் கேமராக்கள் உண்டு. 83 மடங்கு ஜூம். பறவையை அடையாளம் காணப் படம் எடுக்க இதைவிட வசதியானது இல்லை. பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்க மட்டும் அவை திணறும். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் 70-300 மி.மீ. லென்ஸோடு ஆரம்பிக்கலாம். 150-600 வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, அந்த எடையைத் தூக்கிக்கொண்டு காலை முழுவதும் நிற்க முடிகிறதா என்று பாருங்கள்.

டிரைபாடைவிட இங்கே உதவுவது ஒரு துணிப்பை. பழைய பேன்ட் காலை வெட்டித் தைத்து, உள்ளே இரண்டு கிலோ அரிசியோ மணலோ போட்டால் தயார். பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல், கார் ஜன்னல்மேல், தரையில் என்று எங்கே வைத்தாலும் லென்ஸ் அதில் அசையாமல் உட்காரும்.

இரவே பேட்டரியை சார்ஜ் போட்டு, மெமரி கார்டைக் காலி செய்துவிடுங்கள். கேமராப் பையை ஏசி அறையில் வைக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸைக் கடற்கரை ஈரக்காற்றில் எடுத்தால் உடனே பனி படிந்து, நல்ல வெளிச்சம் இருக்கும் அரை மணி நேரத்தைத் துடைத்தே கழிக்க வேண்டிவரும். காரில் போனாலும் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள்.

உடை மண் நிறத்தில், பாசிப்பச்சையில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வெட்டவெளியில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். தொப்பி, தண்ணீர், பிஸ்கட், ஈரமானாலும் கவலையில்லாத செருப்பு. போனில், பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியை இறக்கி, இந்தியப் பறவைத் தொகுப்பையும் அதில் சேர்த்துவிடுங்கள். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. கூடவே, பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு ஏற்றுவதற்கான அவர்களுடைய இ-பேர்டும்.

விடிவதற்கு முன்

ஜனவரியில் சூரியன் 6:35 வாக்கில் உதிக்கும், மார்ச் நடுவில் 6:15 வாக்கில். அதற்கு அரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் வழியாகக் கோவளம் சுமார் 25 கி.மீ.; அந்த நேரத்தில் சாலையில் சைக்கிள்காரர்கள்தான் இருப்பார்கள். பேருந்தில் வந்து விடியலைப் பிடிப்பது கஷ்டம், இருசக்கர வாகனம் சௌகரியம். தேநீரையும் மற்ற வேலைகளையும் கோவளம் கூட்டுரோட்டிலோ கேளம்பாக்கத்திலோ முடித்துக்கொள்ளுங்கள், கழியோரத்தில் எந்த வசதியும் கிடையாது.

வண்டியைச் சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்துங்கள். லாரிகள் வேகமாக வரும் சாலை இது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் ஓரடி எடுத்து வைப்பதுதான் இங்கே இருக்கும் பெரிய ஆபத்து. இரண்டு பேராகப் போனால் ஒருவர் சாலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நிற்கும் இடம். குளிர்காலத்தில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்கு ஓரமாக உதிக்கிறது. கிழக்கு மேற்காகப் போகும் இந்தச் சாலையில் அதனால் ஒரு லாபம் உண்டு. சாலையில் நின்று தெற்கே பார்த்தால் வெளிச்சம் எதிரில் இருக்கும். வடக்கே பார்த்தால் முதுகுப் பக்கமிருந்து, சற்று வலப்புறமாக வரும். ஆகவே விடியும் முன் தெற்குப் பக்கம் நில்லுங்கள்: சிவந்த தண்ணீர்மேல் நாரைகளும் கொக்குகளும் கருநிழலாக நிற்கும். வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்து, எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைத்தால் அந்த நிறம் வெளுக்காமல் வரும். கழுத்தும் அலகும் தெளிவாகப் பிரிந்து தெரியும் பறவையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கூட்டம் கருநிழலில் வெறும் கரித்திட்டாகத்தான் விழும்.

சூரியன் ஒரு முழம் ஏறியதும் சாலையைக் கடந்து வடக்குப் பக்கம் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரே விதி: உங்கள் நிழல் பறவையை நோக்கி விழ வேண்டும். விழுந்தால் பறவையின்மேல் நேர்வெளிச்சம் இருக்கிறது, கண்ணில் ஒளிப்புள்ளி மின்னும். நிழல் பக்கவாட்டில் போனால் நீங்கள்தான் நகர வேண்டும்.

முதல் அரை மணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும்

இதைச் சொன்னால் புதியவர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன். கருநிழல் படங்களை எடுத்து முடித்ததும் கேமராவை உள்ளே வைத்துவிட்டு, பைனாகுலரால் கழியை இடமிருந்து வலமாக மெல்லத் துழாவுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பிறகு படம் எடுப்பது பாதி வேலைதான்.

பறவைகள் கண்டபடி கலந்து நிற்பதாகத்தான் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் தண்ணீரின் ஆழம் அவற்றை வரிசைப்படுத்தி வைத்திருப்பது புரியும். ஈரச் சேற்றின் விளிம்பில் ஓடுபவை உப்புக்கொத்திகள்: நாலடி ஓட்டம், சட்டென்று நிற்பது, ஒரு கொத்து. பெரிய கண், குட்டை அலகு. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் வகை. அவற்றோடு தலை நிமிராமல் சேற்றைக் கொத்திக்கொண்டே போகும் பொடியன்கள் கொசு உள்ளான்கள். முப்பது கிராம்கூடத் தேறாத இந்தப் பறவைகள் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகின்றன. கணுக்கால் நீரில் சிவப்புக் காலோடு நிற்பது பவளக்காலி. சற்றுப் பெரிதாக, பச்சை கலந்த காலோடு, லேசாக மேல்நோக்கி வளைந்த அலகோடு நிற்பது பச்சைக்காலி.

இன்னும் உள்ளே போனால் நெடுங்கால் உள்ளான். கறுப்பு இறக்கை, வெள்ளை உடல், நம்ப முடியாத அளவுக்கு நீண்ட இளஞ்சிவப்புக் கால்கள். புதியவர்கள் தவறில்லாமல் அடையாளம் காணும் முதல் கரைப்பறவை பெரும்பாலும் இதுதான். அதன் பக்கத்திலேயே கூட்டமாக, நீண்ட நேரான அலகைத் தையல் இயந்திர ஊசி மாதிரி சேற்றுக்குள் விட்டு விட்டு எடுப்பவை கருவால் மூக்கன்கள். இவை பறந்தால் கறுப்பு வாலும் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் பளிச்சென்று தெரியும். உட்கார்ந்திருக்கும்போது குழம்பியதெல்லாம் அந்த ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

அதற்கும் அப்பால் மஞ்சள் மூக்கு நாரை, அலகைப் பாதி திறந்து நீரில் அமிழ்த்தி இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடக்கும். மீன் பட்டதும் அலகு மூடும். கரண்டிவாயனும் அதே பாணிதான், அகன்ற அலகால் துழாவிக்கொண்டே போகும். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வேடந்தாங்கலில் கூடு கட்டுகிற இனங்கள்; வெளிநாட்டு விருந்தாளிகள் என்று எண்ணிவிட வேண்டாம்.

பூநாரைகள் பெரும்பாலும் நடுக்கழியில் இருக்கும். தலையைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டித் தின்னும். சில சமயம் நின்ற இடத்திலேயே காலால் மிதித்து மிதித்துச் சேற்றைக் கிளறும். கூட்டத்தில் சாம்பலும் பழுப்புமாக அழுக்குப் போல் தெரிபவை இளம்பறவைகள். உண்ணும் இரையிலிருந்து வரும் நிறமிதான் இளஞ்சிவப்பைத் தருகிறது, அது ஏற வருடக்கணக்காகும்.

மேலேயும் ஒரு கண் வையுங்கள். மூங்கில் கழியிலோ மின்கம்பத்திலோ மார்பு வெளுத்த பெரிய பருந்து ஒன்று உட்கார்ந்திருந்தால் விராலடிப்பானாக இருக்கலாம். காலை முன்னே நீட்டியபடி நீரில் விழுந்து மீனோடு எழும். செங்காவி உடலும் வெள்ளைத் தலையுமாக வட்டமிடுவது செம்பருந்து. ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, தலைகுப்புற விழுவது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி.

நெருங்குவது எப்படி

சுருக்கமாகச் சொன்னால், நெருங்காதீர்கள். பறவை நடமாடும் பாதையைப் பார்த்து, அதற்கு முன்னால் போய் உட்காருங்கள். விளிம்பில் இரை தேடும் உள்ளான்கள் பெரும்பாலும் கரையோரமாகவே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். இருபது முப்பது மீட்டர் முன்னால் போய், கரைச்சரிவில் தாழ உட்கார்ந்து, அசையாமல் இருந்தால் அவையே வந்து சேரும். சில சமயம் லென்ஸ் குவிக்க முடியாத தூரத்துக்கே வந்துவிடும்.

தாழ உட்காருவதில் இன்னொரு நன்மை. சாலை மேட்டிலிருந்து எடுத்தால் பறவைக்குப் பின்னால் வருவது சேறும் தண்ணீரும். பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால் பின்னணி தொலைவுக்குப் போய் மங்கிவிடும், பறவை தனியாகத் தெரியும். ஆனால் சேற்றுக்குள் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை போகும். உப்பளப் பாத்திகளின் வரப்பில் ஏறுவதானால் அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். மார்ச்சுக்குப் பிறகு ஏறவே வேண்டாம். ஆள்காட்டி, உப்புக்கொத்தி, சின்ன ஆலா எல்லாம் வெறுந்தரையில் முட்டையிடும். மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை காலடியில் கிடந்தாலும் தெரியாது.

பறவைகள் எழும்பப் போவதை முன்கூட்டியே காட்டிவிடும். இரை தேடுவதை நிறுத்தும். கழுத்து நிமிரும். பிறகு உங்களுக்கு எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கும். பூநாரைகளிடம் இது நன்றாகத் தெரியும்: ஒன்று நிமிர்ந்தால் மற்றவையும் வரிசையாக நிமிரும், சத்தம் கூடும். முதல் கழுத்து நிமிர்ந்ததுமே நின்றுவிடுங்கள். இரண்டாவதும் நிமிர்ந்தால் நாலடி பின்வாங்குங்கள். ஆள்காட்டி கத்த ஆரம்பித்தால் கழி முழுவதற்கும் தகவல் போய்விட்டது என்று அர்த்தம். அது அடங்கும் வரை உட்கார்ந்திருப்பதுதான் ஒரே வழி.

பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தை நோக்கி ஓடுவதும் கல்லெறிவதும் கைதட்டுவதும் இங்கே அடிக்கடி பார்க்கக் கிடைக்கிற அசிங்கம். மார்ச்சில் இந்தப் பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும். வீணாக ஒருமுறை எழும்பினால் தின்னும் நேரமும் போகிறது, தின்றதும் போகிறது. அப்படி எடுக்கும் படமும் நன்றாக வராது. எல்லாப் பறவையும் முதுகைக் காட்டித்தான் பறக்கும்.

கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களையும் வலை வீசுகிறவர்களையும் கவனியுங்கள். அவர்களுக்குச் சில அடி தூரத்தில் கொக்கு சும்மா நிற்கும். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறவரைப் பறவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நேராக வருபவரைத்தான் பயப்படும். நீங்களும் பக்கவாட்டில், வேறெங்கோ போகிற மாதிரி, நின்று நின்று நடங்கள். அப்புறம், அவர்களைப் படமெடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பேச்சுக் கொடுத்தால் இன்னும் நல்லது. நேற்று பூநாரை எந்தப் பக்கம் இருந்தது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் எந்தச் செயலியையும்விட அவர்களுக்குத்தான் தெரியும்.

கேமரா அமைப்பு

மேனுவல் மோடில் ஷட்டரையும் (வெளிச்சம் விழும் நேரம்) அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறப்பின் அளவு) நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். மேல் வரம்பு 3200. அப்பர்ச்சர் எஃப்/6.3 அல்லது எஃப்/8. நிற்கும் பறவைக்கு ஷட்டர் 1/500 நொடி, நடமாடும் உள்ளானுக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. ஆட்டோஃபோகஸ் தொடர்ந்து இயங்கும் முறையில் இருக்கட்டும். கேமராவில் பறவைக் கண் அறியும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

புதியவர்கள் பலர் இடறுவது வெள்ளைப் பறவையில்தான். கருத்த தண்ணீரில் ஒரு கொக்கு நின்றால், கேமரா அந்தக் கருமையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சுண்ணாம்புத் திட்டாக, ஒரு இறகுகூடத் தெரியாமல் வெளுக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) -0.7 அல்லது -1 வையுங்கள். வெளிர்வானத்தில் பறக்கும் பறவைக்கு நேர்மாறாக +1. ஆலாவைத் துரத்தும்போது அது வானத்திலிருந்து தண்ணீருக்குத் தாழ்ந்தால் இந்தக் கணக்கும் மாறும் என்பதை விரல் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும்.

அமைதியான நீரில் பிம்பம் விழுந்தால் அதைப் பாதியில் வெட்டாதீர்கள். ஒன்று முழுப் பிம்பமும் வரட்டும், இல்லையென்றால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்புங்கள். பறவை பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். நெடுங்கால் உள்ளானின் காலை வெட்டிவிட்டால் அந்தப் பறவையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

பறக்கும் படத்துக்குக் காற்று முக்கியம். பறவைகள் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் எழும்பும், இறங்கும். கிழக்கிலிருந்து கொண்டல் வீசும் காலையில், சூரியனும் காற்றும் ஒரே பக்கம் இருக்கும். முதுகைக் கிழக்குக்குக் காட்டி நின்றால் இறங்கும் பறவையெல்லாம் உங்களுக்கு முகம் காட்டி, முழு வெளிச்சத்தில் வரும். மேல்காற்று அடிக்கும் காலையில் பறக்கும் படத்துக்கு அலையாமல் நிற்கும் பறவைகளை எடுங்கள். பூநாரை கனத்த பறவை, எழும்ப நீர்மேல் சில அடி ஓடும். அந்த ஓட்டம் தொடங்கும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் கால் பதித்த இடத்தில் தெறிக்கும் நீர் படத்தில் கிடைக்கும்.

எட்டரைக்குப் பிறகு

ஒரு நேரத்துக்குப் பின் படம் எதுவும் கூர்மையாக வராது. லென்ஸைத் திட்டாதீர்கள். வெயில் ஏறியதும் சேற்றுக்கும் தண்ணீருக்கும் மேல் காற்று அலையத் தொடங்கும்; கானல்தான் காரணம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸுக்கும் அதைத் தாண்டி எடுக்கும் வித்தை தெரியாது. தொலைவில் இருக்கும் பூநாரைகளை எட்டு, எட்டரைக்குள் முடித்துவிட்டு, பிறகு பக்கத்தில் வருபவற்றை மட்டும் எடுங்கள்.

அல்லது கோவளம் கடற்கரைக்குப் போங்கள். காலையில் படகு கரையேறும் நேரத்தில் கழிவு மீனுக்காகக் கடற்காகங்களும் பருந்துகளும் சுற்றும். குளிர்காலத்தில் இங்கே வருவது பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகம், லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. பழுப்புத் தலை எங்கே என்று தேடாதீர்கள். குளிர்காலத்தில் தலை வெள்ளையாகி, காதருகே ஒரு கருத்த பொட்டு மட்டும் இருக்கும். மார்ச்சில் ஊர் திரும்பும் நேரத்தில்தான் முகம் பழுப்பாகும்.

வீட்டுக்கு வந்ததும்

முதல் வேலை உப்பைத் துடைப்பது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலையும் லென்ஸ் குழாயையும் டிரைபாட் காலையும் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். லென்ஸ் கண்ணாடியில் ஊதி மணலைப் போக்காமல் துணியை வைத்தால் கீறல் நிச்சயம்.

பிறகு படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே உள்ளானுக்கு நாற்பது படம் இருக்கும். கண் கூர்மையாக இல்லாததையெல்லாம் யோசிக்காமல் அழித்துவிடுங்கள். ஆனால் இனம் தெரியாத பறவையின் படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வைத்திருங்கள். கால் நிறம், அலகு நீளம், இறக்கைப் பட்டை ஏதாவது ஒன்று தெரிந்தால் அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

பார்த்ததை இ-பேர்டில் ஒரு பட்டியலாக ஏற்றுங்கள். எவ்வளவு நேரம், எந்தப் பறவை, எத்தனை. பூநாரைக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவைக் கூட்டம் முழுவதும் நகர்த்தி எண்ணுங்கள். பிரித்தறிய முடியாத பொடி உள்ளான்களை ஊகித்து எழுத வேண்டாம். இனம் உறுதியாகாதவற்றுக்கென்றே அதில் தனி வரி உண்டு. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் வருடந்தோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே மாதிரிப் பட்டியல்தான். கூட வருவதற்கு ஆள் வேண்டுமென்றால் 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளோடு போகலாம். தெரிந்தவர் ஒருவரோடு ஒரு காலை நின்றால் உள்ளான் குழப்பம் பாதி தீரும்.

அடுத்த வாரமும் இதே இடத்துக்கே போங்கள். நீர் ஒரு சாண் குறைந்திருந்தால் யார் யார் இடம் மாறியிருக்கிறார்கள் என்று தெரியும். அப்படி ஒரு பருவம் பழகிய பிறகு பழவேற்காடு. கரையிலிருந்தே பார்க்க அண்ணாமலைச்சேரி பக்கம் போகலாம். படகில் ஏறச் சொல்லி யாராவது கூப்பிட்டால் யோசியுங்கள்: 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில் எந்தப் பறவைக்காகவும் ஏற வேண்டாம். கோடியக்கரைக்கு ஒரு காலை போதாது, இரவு தங்க வேண்டும். 1967-இல் அறிவித்த சரணாலயம், 2002 முதல் ராம்சர் தலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். உள்ளே போக வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, தங்குமிடத்தையும் முன்பே பேசிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.